விட்டுவிடும் கை

அந்தப் பிஸ்கட்டை வலது கையில் மாத்திக் குடு கண்ணு, முதல்ல. அப்புறம் பேசலாம்.

தப்பா எடுத்துக்காதே. குன்னூர்ல நீ ஏறினதிலிருந்து பார்த்துக்கிட்டே வர்றேன். குழந்தை எதை எடுத்தாலும் அந்தக் கையாலேயே எடுக்குது. பால் பாட்டில் அந்தக் கை. ஜன்னல் கம்பி அந்தக் கை. இப்போ பிஸ்கட்டும் அந்தக் கை. வயசென்ன, ரெண்டா? ரெண்டேகாலா. பேரு? இதழினியா. என்ன பேரோ, கூப்பிடுறதுக்குள்ள பிள்ளை தெருமுனைக்குப் போயிடும். சரி, அதை விடு. மாமியார் இருக்காங்களா? கூடவே இருந்துமா ஒண்ணும் சொல்லல? டாக்டர் சொன்னாரா. என்னன்னு? 'அதுபாட்டுக்கு விட்டுடுங்க'ன்னா? டாக்டருக்கென்ன அம்மிணி, அவர் வீட்டுக்கா நாளைக்கு மருமகளாப் போகப் போறா?

கொஞ்சம் நகர்ந்து உட்காரு. முட்டி இடிக்குது. இன்னும் எத்தனையோ வளைவு இருக்கு, மேட்டுப்பாளையம் போய்ச் சேர நேரமாகும். இந்த விஷயத்துல எனக்கு மேல தெரிஞ்சவ கோயமுத்தூர்ல கிடையாது. சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு உபயோகப்படும்.

அதோ, முன் வரிசையில, நடைபாதைக்கு அந்தப் பக்கம், தலையைச் சாய்ச்சுத் தூங்கறானே, முழங்காலுக்கு நடுவில நீளமா ஒரு பையை இடுக்கிக்கிட்டு, அவன் என் பையன். யுகேந்திரன். வீட்டுல யுகா. பதினேழு முடிஞ்சிருச்சு. பையில இருக்கிறது கோல்ஃப் மட்டை. கிரிக்கெட் இல்ல கண்ணு, கோல்ஃப். பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் தொப்பி போட்டுக்கிட்டு, புல்வெளியில ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடிச்சு, நடந்து போய், மறுபடி அடிச்சு, குழியில தள்ளுவாங்களே, அது. மேல இன்னைக்குப் போட்டி. முடிச்சுட்டுத் திரும்பறோம்.

ஜெயிச்சானான்னு கேட்காதே. அதைத்தான் சொல்ல வர்றேன்.

தூங்கறவன் கையில பந்து எப்படி உருளுதுன்னு பார்க்கிறியா? அது பழக்கம். இடது கைக்குப் பலம் வரட்டும்னு கோச் ஒருத்தன் பழக்கிவிட்டது. மருந்து மாதிரின்னு நானும் விட்டு வெச்சிருக்கேன். மருந்துக்கு மட்டும்தான்.

இவனும் உன் பொண்ணு மாதிரிதான் இருந்தான் கண்ணு. ஒண்ணரை வயதில் முதல் முதலாகச் சோற்றை எடுத்தது இடது கையில். நான் அப்படியே பதறிப் போனேன். உனக்குப் பதறவில்லை, ஏனென்றால் நீ பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா சுலோச்சனா அந்த மாதிரி. எங்கம்மா செல்லம் கொடுத்து விட்டுவிட்டாள். அக்காவைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து வந்தார்கள். நல்ல இடம், ரைஸ் மில். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, நாள்கூடக் குறித்தாகிவிட்டது. 'தாம்பூலத் தட்டைக் கொண்டு வந்து அத்தைகிட்டக் குடு சாமி' என்றார்கள். அக்கா கொண்டு வந்தாள், குனிந்தாள், இடது கையால் நீட்டினாள். அந்த அம்மாள் தட்டை வாங்கவில்லை. கையைப் பார்த்தாள். புடவையை உதறினாள். எழுந்தாள். அவ்வளவுதான். பத்துப் பேர் வரிசையாகச் செருப்பு மாட்டிக்கொண்டு போனதை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு. தையல் மிஷின்தான் துணை.

அதனால் எனக்குத் தெரியும். ஆம்பளைப் பிள்ளைக்கு என்ன என்பார் எங்கள் வீட்டுக்காரர். ஆம்பளைப் பிள்ளை விபூதி வாங்க மாட்டானா? பந்தியில் உட்கார மாட்டானா? பெரியவர்கள் கையில் ஒரு காகிதம் கொடுக்க மாட்டானா?

முதலில் சாக்ஸ் மாட்டினேன். இடது கையில் சாக்ஸ், மணிக்கட்டில் ரிப்பன். பல்லால் அவிழ்த்துவிட்டான். அப்புறம் வேப்பெண்ணெய். நக்கி நக்கி அந்தக் கசப்பும் பழகிவிட்டது அவனுக்கு. பிடிவாதம், அவங்கப்பா வகையறா. அப்புறம்தான் தோசைக் கரண்டி. கரண்டியின் காம்பால் விரல் மேல் ஒரு தொடு. சுட வைத்து இல்ல கண்ணு, ஏன் அப்படிப் பார்க்கிறே, நான் என்ன பிசாசா? அடுப்புப் பக்கத்தில் கிடக்கிற கரண்டி, அது பாட்டுக்குச் சூடாகத்தான் இருக்கும்.

ஆனால் சூட்சுமம் கரண்டியில் இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். தொடுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. தொண்டையிலேயே. 'ம்ஹும்.' அவ்வளவுதான். இடது கை எதையாவது எடுத்தால் 'ம்ஹும்', உடனே கரண்டி. 'ம்ஹும்', கரண்டி. ஒரு மாதம். அப்புறம் கரண்டியே வேண்டியதில்லை. நான் சமையலறையில் நின்று 'ம்ஹும்' என்றால் கூடத்தில் அவன் கையில் இருப்பது கீழே விழும் சத்தம் கேட்கும். பொம்மையோ, பென்சிலோ, டம்ளரோ. அப்படியே விரல் விரிந்துவிடும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவேன். 'என்ன சாமர்த்தியம் தேவகி உனக்கு!' என்று எங்கள் நாத்தனாரே சொன்னாள். அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்குவது லேசில்லை.

யூகேஜி போவதற்குள் வலது கையில் எழுதினான். முத்து முத்தாக. கான்வென்ட்டில் போட்டிருந்தோம். அங்கே ஒரு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். 'எழுதும்போது இடது கையை டெஸ்க்குக்கு அடியில் ஒளிச்சு வெச்சுக்கிறான், அது ஏன்?' என்று கேட்டார். 'ஒழுக்கம் சிஸ்டர்' என்றேன். கல்யாணமாகாதவர்கள், அவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பதைப் பற்றி என்ன தெரியும். அந்த வருஷம்தான் இவனுக்குப் பேச்சும் திக்க ஆரம்பித்தது. அது வேறே விஷயம். அது எங்கள் மாமனார் வழி.

இப்போ கோல்ஃப் எப்படி வந்ததுன்னு கேட்பே. எங்க வீட்டுக்காரர் கோல்ஃப் கிளப் ஆபீஸில் கிளார்க். இருபத்திரண்டு வருஷம். திங்கட்கிழமை மெம்பர்களுக்குக் கிளப் லீவு. அன்றைக்கு மட்டும் வேலை செய்கிறவர்கள், மட்டைப் பை தூக்கி வருகிற கேடிகள், அவர்கள் பிள்ளைகள் ஆடிக்கொள்ளலாம். இவன் பதினோரு வயதில் அப்பா பின்னால் போனான். போனவன் போனவன்தான். திக்குவாய்க்கு ஏற்ற ஆட்டம் கண்ணு அது, வாயையே திறக்க வேண்டாம். கோச் ஜெபசிங் வந்து வீட்டு வாசலில் நின்றான். நாசரேத்துக்காரன், முப்பத்தஞ்சு வயது இருக்கும். 'அம்மா, இப்படி ஒரு கண்ணு நான் பார்த்ததில்ல. தூரத்தை இவன் கண்ணாலேயே அளக்கிறான்' என்றான். எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லவில்லையே.

பதினைந்து வயதில் பேச்சு பெரிதாகிவிட்டது. சென்னையில் ஒரு காலேஜ். கோல்ஃப் ஆடுகிற பிள்ளைக்குச் சீட்டு, ஹாஸ்டல், எல்லாம் அவர்களே. மலையில் வருஷா வருஷம் நடக்கிற போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் போதும், அந்தக் காலேஜ் ஆள் அங்கேயே வந்து உட்கார்ந்து எடுத்துக்கொள்வார். யுகா அன்றைக்கே பரண் மேலிருந்து அவங்கப்பாவின் பழைய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே! கட்டில் அடியில் அந்தப் பெட்டி. வீட்டைப் பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். வீட்டைவிட்டுப் போக இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி என்னதான் ஆசையோ.

ஆனால் ஒரு குறை. ஒரே ஒரு குறை. பந்தை அடிக்கிற நேரத்தில் இடது கை விட்டுவிடும்.

நீ பார்த்திருந்தால் புரியும். மட்டையை இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். பின்னால் ஓங்கி, சுழற்றி, கீழே கொண்டு வருகிறார்கள். எல்லாம் அழகாக வருவான். பந்தைத் தொடுகிற அந்த நொடியில் இடது கை விரல் விரிந்துவிடும். வலது கை மட்டும்தான் மட்டையில் நிற்கும். மட்டை திரும்பிக்கொள்ளும், பந்து வலது பக்கம் வளைந்து காட்டுக்குள் போகும். பத்துக்கு நாலு முறை. ஜெபசிங் தலையைச் சொறிவான். 'பிடி தம்பி, விடாதே, கிரிப்பை விடாதே' என்பான். கிளவுஸ் மாற்றினான். மட்டையில் ஒட்டுகிற டேப் சுற்றினான். அக்குளில் துண்டைச் செருகி அடிக்கச் சொன்னான். பந்தில்லாமல் வெறும் மட்டையை ஆயிரம் முறை சுழற்றச் சொன்னான். அப்போதுதான் இந்தப் பந்தைக் கையில் கொடுத்து உருட்டிக்கொண்டே இரு என்றதும். பந்தில்லாமல் சுழற்றினால் விடமாட்டான். பந்து வைத்தால், ஓங்கினால், விட்டுவிடுவான்.

ஒவ்வொரு திங்களும் நான் டிபன் கட்டிக்கொண்டு போய்ப் பின்னாலேயே நிற்பேன். பெற்றவள் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? ஒருநாள் ஜெபசிங் மெதுவாக வந்து, 'அம்மா, நீங்க கேன்டீன்ல உட்காருங்களேன், வெயிலா இருக்கு' என்றான். 'எனக்கு வெயில் பழக்கம்' என்றேன். இன்னொரு வாரம், 'போன திங்கக்கிழமை நீங்க ஊர்ல இல்லையில்லம்மா, அன்னைக்கு ஒரு பந்துகூட விடல இவன்' என்றான். பார், எப்படிப் பேசுகிறான் பார்! நான் இல்லாத அன்றைக்குத்தான் நன்றாக ஆடினானாம். யார் சாட்சி?

பிறகு ஒரு நாள் என்னை உட்கார வைத்துக் கேட்டான். 'அம்மா, இந்த ஆட்டத்துல வலது கைக்காரனுக்கும் இடது கைதான் மேல பிடிக்கணும், அதுதான் முன்னால போகணும். வலது கை பின்னாலேயே வரணும். இவன் இடது கை முன்னால வரும்போது பயப்படுது. சின்ன வயசுல அந்தக் கைக்கு ஏதாவது அடி பட்டுதா?'

நான் சொன்னேன், 'அந்தக் கையில ஒரு கீறல்கூடக் கிடையாது. வேணும்னா பார்த்துக்கோ.' உண்மைதானே. தழும்பு இருக்கிறதா என்று இப்போது வேண்டுமானாலும் எழுப்பிக் காட்டுகிறேன்.

அவன் விடவில்லை. 'இவன் பொறந்ததே இடது கைக்காரனாம்மா?' என்றான்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. 'எங்க குடும்பத்துல அந்த மாதிரி யாரும் கிடையாது' என்றேன். சுலோச்சனா அக்காவைப் பற்றி அவனுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. போன ஐப்பசியில், திங்கட்கிழமை, மழை தூறுகிறது, குடை கொண்டு போனேன். பின் பக்கம், வலை கட்டிய இடத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து இரண்டு பேரும் நிற்கிறார்கள். யுகா திரும்பி நிற்கிறான். புரிகிறதா? கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, எல்லாமே மாறி. கையில் வேறே மட்டை. யாரோ ஒரு மெம்பர் வெளிநாடு போகும்போது விட்டுப்போன, பீச்சாங்கைக்காரர்கள் ஆடுகிற மட்டை. ஓங்கினான். அடித்தான். கண்ணு, எனக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் அந்தச் சத்தம் தெரிந்தது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரே வெட்டில் பிளக்கிற மாதிரி. பந்து வலைக்கு மேலே போய், வேலிக்கு மேலே போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவன் சிரித்தான். வாய்விட்டு. 'இ-இன்னொண்ணு சார்' என்று திக்கிக்கூட முடிக்காமல் கத்தினான். ஏழு வயதுக்கு அப்புறம் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அத்தனை பாடுபட்டு, தூக்கம் கெட்டு, கரண்டியும் கையுமாக நின்று திருத்தி வைத்ததை, எவனோ ஒருத்தன் ஒரு மழை நாளில் கெடுத்துவிட்டான் என்றால் எப்படி இருக்கும்? நீயே சொல்லு.

நான் ஒன்றும் கத்தவில்லை. குடைக்குள்ளிருந்தே, 'ம்ஹும்.'

மட்டை கீழே விழுந்தது. சேற்றில்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேராக செக்ரட்டரி அறைக்குப் போனேன். வயசுப் பிள்ளையை யாரும் இல்லாத இடத்துக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறான் கோச் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களாக என்ன நினைத்துக்கொண்டார்களோ, அதற்கு நான் என்ன செய்வது. அந்த மாதக் கடைசியில் ஜெபசிங்குக்கு வேலை இல்லை. போகிறபோது வாசலுக்கு வந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். 'அம்மா, போட்டிக்கு மட்டும் நீங்க போகாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்' என்றான். கும்பிட்டான். என்ன நெஞ்சழுத்தம் பார். என் பிள்ளை ஆடுவதை நான் பார்க்கக்கூடாதாம்.

எங்கள் வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் பசித்தது, பேசினார்.

கோச் போனால் என்ன, குறை போகவில்லையே. சீட்டு வேண்டுமே. நானே பார்த்துக்கொண்டேன். விட்டுவிடுகிற கைக்கு என்ன வைத்தியம்? பிடிக்கப் பழக்குவது. தினம் விடியற்காலை பாலைக் காய்ச்சி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி இடது கையில் கொடுப்பேன். கொதிக்கக் கொதிக்க இல்ல கண்ணு, நீ என்ன சும்மா சும்மா முகத்தைச் சுளிக்கிறே, ஊதிக் குடிக்கிற சூடுதான். நூறு எண்ணும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விட்டால் மறுபடி முதலிலிருந்து. முப்பது வரை வருவான், நாற்பது வரை வருவான். விரல் அசையும். எனக்குக் கோபம் வரும், 'ம்ஹும்' என்பேன், டம்ளர் விழும். 'பிடின்னா விடறே, விடுன்னா பிடிக்கிறே, உனக்கு என்னதான்டா வேணும்?' என்று கேட்பேன். ஒரு நாள் பதில் சொன்னான். 'நீ-நீங்க எதைச் சொல்றீங்கன்னு க-கைக்குத் தெரியலம்மா' என்றான். கைக்குத் தெரியவில்லையாம்! காது இருக்கிறது, கைக்கு என்ன தெரிய வேண்டும்?

ஆனால் ஆறு மாதத்தில் நூறு எண்ணினான். சத்தியமாக. முகம் கல் மாதிரி. கண்ணில் தண்ணீர் நிற்கும், விழாது. நான் சொன்னேனே, திருத்த முடியாத கை என்று ஒன்று கிடையாது.

இன்றைக்குப் போட்டி. மூன்று நாள் ஆட்டம், இன்று கடைசி நாள். முதல் இரண்டு நாளும் எனக்குத் தலைவலி, வாந்தி, மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, லாட்ஜிலேயே படுத்துக் கிடந்தேன். அவன் தனியாகத்தான் போனான். இரண்டு நாளும் சேர்த்து இரண்டாவது இடம். இரண்டாவது! எழுபது பிள்ளைகளில். ராத்திரி வந்து தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, 'ஒண்ணுகூட வி-விடலம்மா' என்றான். பால் டம்ளர் வேலை செய்துவிட்டது என்று நான் மலையம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன்.

இன்றைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போகாமல் இருப்பேன்? அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, 'இன்னும் உடம்பு ச-சரியில்லையேம்மா, படுத்துக்கோங்க' என்றான். 'உனக்காக எழுந்திருச்சேன்டா' என்றேன். பிரஷ் வாயிலேயே இருந்தது.

கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். கூட்டத்தோடு கூட்டமாக, தள்ளியே நின்றேன், அவன் கண்ணில் படாமல். சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். ஜெபசிங் வயிற்றெரிச்சலில் சொன்னதுதான், இருந்தாலும் எதற்கு என்று. ஒரு வார்த்தை பேசவில்லை. கை தட்டவில்லை. பதினேழு குழி முடிந்தது. இன்னமும் இரண்டாவது இடம். கடைசிக் குழி. அந்தக் காலேஜ் ஆள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், மடியில் ஃபைல். எங்கள் பக்கத்தில் நின்ற பெண், 'இந்தப் பையனுக்கு சீட்டு உறுதிங்க. பந்தைக் காட்டுல போடாம இருந்தாப் போதும்' என்றாள். இடது பக்கம் வெட்டவெளி. வலது பக்கம் சீகை மரக் காடு.

அவன் நின்றான். பந்தை வைத்தான். எத்தனை அமைதி தெரியுமா? கையைப் பார்த்தேன். இரண்டு கையில் இடது கைதான் மேலே, முன்னால் நிற்கிறது. ஓங்கினான். கை மேலே போனது. அந்தக் கை முன்னால் வருகிறது.

குளிர் கண்ணு. மலைக்குளிர். மூன்று நாளாகத் தொண்டை கட்டிக் கிடக்கிறது. எனக்குத் தெரியாமலே தொண்டை ஒரு தடவை கனைத்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை.

விட்டுவிட்டான்.

பந்து போன திசையை யாரும் பார்க்கக்கூட வேண்டியதில்லை. மரத்தில் பட்ட சத்தம் கேட்டது, டொக், டொக், டொக் என்று மூன்று மரம். ஆட்டத்தை நடத்துகிறவர், 'யாருங்க கனைச்சது?' என்று கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட ஒரு கிழவர். நானும் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் அவரை முறைத்தார்கள். 'ஆடற நேரத்துல இப்படியா பண்ணுவீங்க, பிள்ளைங்க வாழ்க்கையில்லையா?' என்று நான்கூட இரண்டு வார்த்தை கேட்டேன். பாவம், மனுஷன் பேந்தப் பேந்த விழித்தார்.

ஆனால் யுகா அவரைப் பார்க்கவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், சால்வைக்குள் இருக்கிற என்னை எப்படிக் கண்டுபிடித்தானோ, நேராக என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தால் நமக்கு முகம் எப்படி ஆகும், அப்படி இருந்தது. அப்புறம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மீதி ஆட்டத்தை ஆடி முடித்தான். ஐந்தாவது இடம். காலேஜ் ஆள் ஃபைலை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இப்போ என்ன கெட்டுப் போச்சு? கிளப் பக்கத்துலயே காலேஜ் இருக்கு. பி.காம் சேர்த்துடுவோம். முடிச்சதும் அவங்கப்பா பக்கத்துலயே ஒரு நாற்காலி. கூடவே இருப்பான். அந்தப் பெட்டியைத் திரும்பவும் பரணில போட்டுடலாம், விளக்குமாறு இடிக்காது. என்ன, பஸ் ஏறினதிலிருந்து ஒரு வார்த்தை பேசல. திக்கறதை விட அதுவே தேவலை.

என்னம்மா, ஏன் குழந்தையை அப்படி இறுக்கறே? மூச்சு முட்டப் போகுது. பாரு, பாரு, மறுபடி அந்தக் கை. இவ்வளவு நேரம் கதை கேட்டியே, என்ன புண்ணியம்? நீ தள்ளு. நான் செஞ்சு காட்டறேன். கரண்டியெல்லாம் வேண்டாம், வெறும் சத்தம்தான். இங்க பாரு சாமி. பாட்டியைப் பாரு. அந்தக் கையில பிஸ்கட் எடுக்கலாமா?

ம்ஹும்.

பார்த்தியா! போட்டுடுச்சு பார்த்தியா! முதல் தடவையிலேயே. பொம்பளைப் பிள்ளை சுருக்காக் கத்துக்கும். அழட்டும், அழுதா ஒண்ணும் ஆகாது. அது என்ன உருளுது? ஐயோ, யுகா பந்து. அவன் கையிலிருந்து விழுந்துடுச்சு. தூக்கத்துலகூடப் பாரேன்.

'யாருங்க பந்து உருட்டறது? பிரேக்குக்கு அடியில போச்சுன்னா எல்லாரும் பள்ளத்துலதான்!' கண்டக்டர், கத்தாதீங்க, இதோ வளைவுல திரும்பி வருது. என் பையனோடதுதான். டேய், முழிச்சுட்டியா? தூங்கவே இல்லையா நீ? எத்தனை நேரமா முழிச்சிருக்கே?

நீ எங்க கண்ணு எழுந்திருக்கே? பர்லியார்தான் வந்திருக்கு, மேட்டுப்பாளையம் இன்னும் வரல. ஓடற பஸ்ஸுல குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க போறே? அங்க முன்னால இடமில்ல, நின்னுக்கிட்டுத்தான் போகணும். என்ன பொண்ணுங்களோ, நல்லது சொன்னா ஆகாது. சரி, போறதே போறே, உன் காலடியில வந்து நிக்குது பாரு பந்து, அதை எடுத்து அவன்கிட்டக் குடுத்துட்டுப் போ. யுகா, அக்காகிட்ட வாங்கிக்கோடா.

அந்தக் கையாலயா குடுக்கறே? டேய், நீயும் அந்தக் கையையா நீட்டறே?

ம்ஹும்.